புல்தரை மஞ்சளாகிறதா? உர மூட்டையைப் பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

மலேசியாவில் தாமான் (வீட்டுக் குடியிருப்பு) வீட்டு முன்புறத்தில் பத்துக்கு இருபதடிப் புல்தரை மஞ்சளடித்தால் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். ஹார்ட்வேர் கடையில் ஒரு கிலோ பச்சை நிற உரம் வாங்கி வந்து, கையால் அள்ளி வீசுவார்கள். சில நேரம் பலிக்கும். பல நேரம் அடுத்த வாரமே மஞ்சள் பழுப்பாகிவிடும்.

பசியால் மட்டும் புல் மஞ்சளாவதில்லை. வேருக்குக் காற்றில்லாமல் போனாலும், மிஷின் மொட்டையடித்தாலும், புழு அரித்தாலும், வேலியோரம் அடித்த களைக்கொல்லி பட்டாலும் நிறம் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். வேர் அழுகிக் கிடக்கும் புல்லுக்கு உரம் போடுவது, வயிற்றுப்போக்கில் படுத்திருப்பவனுக்கு விருந்து வைக்கிற கதை.

கோலாலம்பூர் வட்டாரத்தில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அதனால் இங்கே தண்ணீர்க் குறைவைக் கடைசியில் சந்தேகித்தால் போதும். முதலில் சந்தேகிக்க வேண்டியவை இரண்டு: புல் வெட்டும் விதம், அடிமண்.

கையில் இருக்க வேண்டியவை: நீளமான ஸ்க்ரூடிரைவர், சிறு மண்வெட்டி, கொஞ்சம் வினிகர், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம், வாளி, சமையலறைத் தராசு. இப்போதைக்கு வேறு எதுவும் வாங்க வேண்டாம்.

1. என்ன புல் என்று பாருங்கள்

இங்கே வீடுகளில் அதிகம் இருப்பது அகல இலையுள்ள கௌ கிராஸ். இதன் இயல்பான நிறமே இளம்பச்சைதான். பக்கத்து வீட்டு ஜப்பான் புல்லின் கரும்பச்சையோடு ஒப்பிட்டுப் பார்த்து, நம் புல்லுக்கு நோய் என்று நினைத்துவிடக் கூடாது. ஜப்பான் புல் சோய்சியா இனம். இலை ஊசிபோல் மெல்லியது, நெருக்கமாக வளரும்.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. வெட்டிய மூன்றாம் நாளே சில இடங்களில் மட்டும் வெளிர்மஞ்சள் இலைகள் மற்றவற்றைவிட உயரமாக நீட்டிக்கொண்டு நின்றால், ஒரு தண்டைப் பறித்து விரல்களுக்கிடையில் உருட்டுங்கள். மூன்று பட்டையாகத் தட்டுப்பட்டால் அது கோரை. உங்கள் புல் நன்றாகத்தான் இருக்கிறது. நடுவில் களை புகுந்திருக்கிறது. மேலே பிடுங்கினால் கிழங்கு மண்ணிலேயே தங்கிவிடும், அதனால் தோண்டித்தான் எடுக்க வேண்டும். கோரை கூட்டமாக வளரும் இடத்தில் அடியில் ஈரம் தேங்குகிறதா என்றும் பார்த்துவிடுவது நல்லது.

2. மஞ்சள் எந்த வடிவத்தில் பரவியிருக்கிறது?

மாடி ஜன்னலிலிருந்து பாருங்கள். கீழே நின்றால் தெரியாத வடிவம் மேலிருந்து தெரியும். கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்து, நான்கு நாள் கழித்து அதே இடத்திலிருந்து இன்னொன்று எடுங்கள். பரவுகிறதா, நிற்கிறதா என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

தரை முழுக்க ஒரே சீராக வெளுத்திருந்தால் சத்துக் குறைவு அல்லது மொட்டை வெட்டு. கார் போர்ச் ஓரமாக, மதில் ஓரமாக ஒரு முழ அகலத்துக்கு மட்டும் மஞ்சள் என்றால் சிமெண்டுச் சுண்ணாம்பைச் சந்தேகியுங்கள். பள்ளமான மூலை மட்டும் மஞ்சள் என்றால் தண்ணீர். ஒழுங்கற்ற திட்டு நாளுக்கு நாள் ஓரம் விரிந்துகொண்டே போனால் பூச்சி அல்லது பூஞ்சை. தட்டளவு வட்டம், நடுவில் வைக்கோல் நிறம், சுற்றிலும் வழக்கத்தைவிடக் கரும்பச்சை வளையம் என்றால் நாயின் சிறுநீர். அங்கே நைட்ரஜன் அளவுக்கு மீறி நடுப்பகுதி கருகுகிறது, ஓரத்தில் அதே நைட்ரஜன் உரமாகிறது.

வேலியோரம் நேர்கோடாக மஞ்சளடித்தால் யாரோ களைக்கொல்லி அடித்திருக்கிறார்கள். மருந்து அடித்தவர் ஈரக் காலணியோடு புல்லைக் கடந்து போயிருந்தால் காலடி வடிவத்திலேயே மஞ்சள் விழும், பார்த்தால் மறக்காது. கிளைபோசேட் என்ற களைக்கொல்லி உடனே காட்டாது, நான்கு நாளிலிருந்து ஒரு வாரம் வரை ஆகும். அதனால் இன்றைய மஞ்சளுக்குப் போன வாரம் நடந்ததைக் கேளுங்கள். ஒரே நாளில் கருக வைக்கும் பாராகுவாட் மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டது. ஆனாலும் தோட்டப்புறத்திலிருந்து வந்த பழைய போத்தல் எவர் வீட்டு ஸ்டோரிலாவது இருக்கக்கூடும். போர்ச்சைப் பிளீச் ஊற்றிக் கழுவிய தண்ணீர் புல்லில் வடிந்தாலும் இப்படித்தான் ஓடிய வழி தெரியும்.

3. இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள்

ஒரு கொத்தை வேரோடு எடுத்து வெயிலில் பிடியுங்கள். கீழே இருக்கும் முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளாகி, நுனிக்குருத்து பச்சையாக இருந்தால் நைட்ரஜன் குறைவு. செடி பழைய இலையிலிருக்கும் நைட்ரஜனை உருவிப் புதுக்குருத்துக்குக் கொடுக்கிறது. நேர்மாறாக, இளங்குருத்து வெளுத்து, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் இரும்புக் குறைவு. இரும்பை அப்படி இடம் மாற்றச் செடியால் முடியாது. முதிர்ந்த இலையில் நரம்புகளுக்கிடையே மஞ்சள் பட்டால் மக்னீசியம். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கீழ் ஓலை ஆரஞ்சு நிறமானால் மக்னீசியம் இல்லை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிப் பழகியவர்கள். புல்லிலும் கணக்கு அதேதான்.

இலை முழுக்கப் பச்சையாக இருந்து நுனி மட்டும் பிய்ந்து, நார் நாராக வெளிறியிருந்தால் அது நோயல்ல. மழுங்கிய பிளேடு, அல்லது தேய்ந்த நைலான் கயிறு.

4. வெட்டும் உயரம்

நம் ஊர்களில் பாதிக்கு மேல் மஞ்சளுக்குக் காரணம் முதுகில் மாட்டி வெட்டும் அந்த மிஷின்தான் என்பது எங்கள் கணிப்பு. மாதம் ஒருமுறை ஆள் வருவார். அதற்குள் புல் 12 செ.மீ. வளர்ந்திருக்கும். அவர் தரை தெரிய 2 செ.மீ.க்குச் சிரைத்துவிட்டுப் போவார். வீட்டுக்காரருக்கும் சுத்தமாக இருக்கிறதே என்று திருப்தி. மறுநாள் காலை தரை முழுக்க மஞ்சள்.

கௌ கிராஸ் தரையோடு ஓடும் தண்டுகளால் படரும். உயரமாக வளரவிட்டால் பச்சை இலை மேலேயே இருக்கும், வெயில் படாத அடித்தண்டு வெள்ளையும் மஞ்சளுமாக நிற்கும். மேலேயிருப்பதை மொத்தமாக எடுத்துவிட்டால் அந்த அடித்தண்டுதான் கண்ணில் படும். கூடவே உணவு தயாரிக்க இலையில்லாமல் வேரும் இளைக்கும். ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

கௌ கிராஸுக்கு வெட்டிய பின் 5 செ.மீ. நிற்க வேண்டும். ஜப்பான் புல்லுக்கு 2 முதல் 3 செ.மீ. போதும். மழைக்காலத்தில் மாதம் இருமுறை ஆள் வரச் சொல்லுங்கள். “ஐந்து சென்டி விட்டு வெட்டுங்கள்” என்று வாயால் சொன்னால் பலிக்காது; ஒரு குச்சியில் கோடு போட்டுப் புல்லில் நட்டுக் காட்டுங்கள். ஏற்கெனவே காடாக வளர்ந்துவிட்டதா? மூன்றில் ஒரு பங்கு இன்று, ஐந்து நாள் கழித்து மீதி.

மொட்டை வெட்டுதான் காரணம் என்றால் எதுவும் போட வேண்டாம். மழை பெய்கிற வாரங்களில் இரண்டு வாரத்துக்குள் தானாகத் துளிர்த்துவிடும். அந்த இரண்டு வாரம் பொறுக்க முடியாமல் உரம் வீசுவதுதான் கெடுதல்.

5. ஒரு துண்டு வெட்டி எடுத்துப் பாருங்கள்

மஞ்சளும் பச்சையும் சேரும் எல்லையில், மண்வெட்டியால் ஒரு கையளவு துண்டை 10 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி எடுங்கள். எவ்வளவு இலக்கணம் பேசினாலும் இந்த ஒரு துண்டு சொல்வது அதிகம்.

வேர் வெள்ளையாக, இழுத்தால் அறுபடாமல் இருந்தால் நல்லது. பழுப்பாகி, உருவினால் தோல் கழன்று நடு நரம்பு மட்டும் கையில் வந்தால் அழுகியிருக்கிறது. மண்ணை மூக்கருகே பிடியுங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் அடியில் காற்றே இல்லை. புல்லுக்கும் மண்ணுக்கும் நடுவில் காய்ந்த தண்டும் வேரும் மெத்தைபோல் 1.5 செ.மீ.க்கு மேல் இருந்தால், தண்ணீரும் உரமும் அந்த மெத்தையிலேயே நின்றுவிடும். ஜப்பான் புல்லில் இது சகஜம். இரும்புப் பல் ரேக்கால் வாரி எடுக்க வேண்டும்.

பிறகு ஸ்க்ரூடிரைவரை நான்கைந்து இடங்களில் கைபலத்தால் குத்துங்கள். ஈரமான மண்ணில் 15 செ.மீ. சிரமமில்லாமல் இறங்க வேண்டும். இறங்காமல் அழுத்தமாக நின்றால் மண் இறுகியிருக்கிறது. ‘டங்’ என்று சத்தம் கேட்டால் அடியில் செங்கல் துண்டும் சிமெண்டுக் கட்டியும் கிடக்கின்றன. வீடு கட்டிய இடிபாடுகளைப் பரப்பி, மேலே மெல்லிய மண் போட்டு, புல் பதித்துக் கொடுத்துவிடும் வேலை புது வீடுகளில் அடிக்கடி நடக்கிறது. இரண்டு வருஷம் பச்சையாக இருக்கும், அப்புறம் வெளுக்கும். அந்த இடத்தை 15 செ.மீ. தோண்டிக் கட்டிகளைப் பொறுக்கி, நல்ல மண் நிரப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

போர்ச் ஓரத்து மண்ணில் ஒரு கரண்டி எடுத்துக் காய வைத்து, வினிகர் ஊற்றுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு கலந்திருக்கிறது. இந்த வட்டாரத்து மண் இயல்பில் புளிப்பானது, பிஎச் அளவு 4.5, 5 என்று இருக்கும். அதற்கு டோலமைட் என்ற சுண்ணாம்புத் தூள் போடச் சொல்வது சரிதான். ஆனால் நுரைக்கும் மண்ணில் டோலமைட் போட்டால் எரிகிற வீட்டில் எண்ணெய். மண் அளவுக்கு மீறிக் காரமாகி, இருக்கிற இரும்பையும் வேரால் எடுக்க முடியாமல் போகும். அங்கே அமோனியம் சல்ஃபேட்டும் (நைட்ரஜன் உரம்) இரும்புச் சல்ஃபேட்டும்தான் பொருத்தம்.

தண்ணீர் வடிகிறதா என்று பார்க்க, மஞ்சளான இடத்தில் 30 செ.மீ. ஆழம், 15 செ.மீ. அகலத்தில் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது முழுக்க வடிந்த பின் மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் அடையாளம் வைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் 2.5 செ.மீ.யாவது இறங்க வேண்டும். முதல் தண்ணீரே மறுநாள் வரை நின்றால் பதில் கிடைத்துவிட்டது. சோதனை முடிந்ததும் குழியை மூடிவிடுங்கள். தண்ணீர் ஒரு வாரம் தேங்கியிருந்தால் ஏடிஸ் கொசுவுக்குப் போதும்.

இலேசான தேக்கத்துக்குத் தோட்ட முள்கரண்டியை 10 செ.மீ. ஆழத்துக்கு இறக்கி, முன்னும் பின்னும் அசைத்து, ஒரு சாண் இடைவெளியில் தரை முழுக்கத் துளையிடுங்கள். மேலே ஆற்று மணலை 1 செ.மீ.க்கு மிகாமல் தூவி, துடைப்பத்தால் துளைக்குள் தள்ளுங்கள். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், உப்பு புல்லைக் கொன்றுவிடும். பினாங்கு வாசிகளுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தேக்கம் பெரிதென்றால் 30 செ.மீ. ஆழ வாய்க்கால் வெட்டி, அடியில் ஜல்லி போட்டு, ஓட்டையுள்ள பிவிசி குழாயை மீட்டருக்கு 1 செ.மீ. சரிவில் லோங்காங் (வீட்டோர வடிகால்) பக்கம் இறக்க வேண்டும். வெட்டத் தொடங்கும் முன் லோங்காங்கின் அடிமட்டம் குழாய் முடியும் இடத்தைவிடத் தாழ்வா என்று அளந்துவிடுங்கள். இல்லாவிட்டால் மழைக்கு லோங்காங் தண்ணீர் உங்கள் புல்தரைக்குள் வரும்.

பூச்சோங், சன்வே போன்ற பழைய ஈயச் சுரங்க நிலங்களில் கதை வேறு. சில இடங்களில் அடியில் வெறும் கழிவு மணல். தண்ணீர் வடிவதில் பிரச்சினை இல்லை, போடும் உரமும் கூடவே வடிந்துவிடும். அங்கே உரத்தைப் பாதி அளவாக்கி, மாதம் ஒருமுறை கொடுப்பதும், வருஷத்துக்கு இருமுறை சலித்த மக்கு உரத்தை அரை செ.மீ. தூவுவதும் பலன் தரும்.

6. நான்கு சதுரங்கள்

வெட்டு சரி, வேர் வெள்ளை, தண்ணீர் வடிகிறது, ஆனாலும் மஞ்சள். இப்போதுதான் உரத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். அதையும் தரை முழுக்கப் போட்டுச் சூதாட வேண்டாம். மஞ்சளான பகுதியில் ஒரு மீட்டர்ச் சதுரமாக நான்கை ஐஸ்கிரீம் குச்சி நட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் சதுரத்தில் எதுவும் போடாதீர்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒப்பிட ஒன்று இல்லாவிட்டால் பச்சையானது மழையாலா மருந்தாலா என்று தெரியாது. இரண்டாவதில் 20 கிராம் அமோனியம் சல்ஃபேட்டை 5 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஊற்றி, இலையில் ஒட்டியிருப்பது கழுவிப் போக இன்னும் 5 லிட்டர் வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். மூன்றாவதில் லிட்டருக்கு 4 கிராம் இரும்புச் சல்ஃபேட் கரைத்து, அதில் 200 மில்லியை மட்டும் இலை நனையத் தெளியுங்கள், கழுவ வேண்டாம். போர்ச் டைல்ஸில் பட்டால் துருக்கறை விழும், உடனே துடைத்துவிடுங்கள். நான்காவதில் லிட்டருக்கு 10 கிராம் எப்சம் உப்பு (மக்னீசியம் சல்ஃபேட்), அதே 200 மில்லி.

காலையிலேயே செய்யுங்கள். ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் மாதங்களில் பின்மதிய மழை எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும்.

இரும்புச் சதுரம் ஓரிரு நாளில் நிறம் மாறும். நைட்ரஜனுக்கு ஐந்திலிருந்து ஏழு நாள். மக்னீசியம் அதைவிடச் சற்று மெதுவாக. நான்கும் ஒரே மாதிரி பச்சையானால் புல் தானாகத் தேறிக்கொண்டிருந்தது என்று பொருள். நான்கும் மஞ்சளாகவே நின்றால் இது சாப்பாட்டுப் பிரச்சினை அல்ல. அடுத்த பகுதிக்குப் போங்கள்.

நைட்ரஜன்தான் என்று தெரிந்தால் அளவு இது. பத்துக்கு இருபதடித் தரை என்றால் ஏறக்குறைய 18.5 சதுர மீட்டர். அமோனியம் சல்ஃபேட் என்றால் மொத்தம் 370 கிராம். 15:15:15 பச்சை என்பிகே (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் கலந்த உரம்) என்றால் 550 கிராம். யூரியா என்றால் 185 கிராம்தான்; அதில் நைட்ரஜன் 46 விழுக்காடு இருப்பதால் கொஞ்சம் கூடினாலும் கருக்கிவிடும், புதிதாகத் தொடங்குபவர்கள் அதைத் தொடாமல் இருப்பது மேல். எடையைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியை நீளவாக்கிலும் மறுபாதியை அகலவாக்கிலும் நடந்து தூவுங்கள். இலை காய்ந்திருக்கும்போது தூவி, முடிந்ததும் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். உங்கள் கைப்பிடியில் எத்தனை கிராம் அடங்குகிறது என்று ஒருமுறை தராசில் வைத்துப் பாருங்கள், நினைத்ததைவிட அதிகமாகத்தான் இருக்கும்.

டோலமைட் தேவையென்றால் சதுர மீட்டருக்கு 100 கிராம். ஆனால் யூரியாவோ அமோனியம் சல்ஃபேட்டோ போட்ட கையோடு போடக் கூடாது. சுண்ணாம்பு பட்டதும் நைட்ரஜன் அமோனியாவாகக் காற்றில் போய்விடும். மூன்று வாரம் இடைவெளி விடுங்கள்.

7. பூச்சியும் பூஞ்சையும்

காலையில் மைனாக்கள் கூட்டமாக இறங்கி ஒரே இடத்தைக் கொத்திக்கொண்டிருந்தால் கவனியுங்கள். இரண்டு மேசைக்கரண்டி சோப்புத் திரவத்தை 5 லிட்டர் தண்ணீரில் கலந்து, மஞ்சள் திட்டின் ஓரத்தில் ஒரு சதுர மீட்டரில் ஊற்றுங்கள். திட்டின் நடுவில் ஊற்றிப் பயனில்லை, அங்கே தின்று முடித்துவிட்டுப் போயிருக்கும். பத்து நிமிடத்துக்குள் படைப்புழுவும் பிள்ளைப்பூச்சியும் மேலே வந்துவிடும். ஓரிரு புழு என்றால் மைனாவே பார்த்துக்கொள்ளும். பத்துப் பன்னிரண்டு என்றால், புழு சிறியதாக இருக்கும்போதே பேசில்லஸ் துரிஞ்ஜியென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்தை மாலையில் அடியுங்கள். இரவில்தான் அவை மேயும், வெயிலில் மருந்தும் வீரியம் இழக்கும்.

வெள்ளை வேர்ப்புழு சோப்புக்கு மேலே வராது. புல்லைக் கொத்தாகப் பிடித்துத் தூக்குங்கள். பாய்போல் சுருண்டு வந்தால் அடியில் வேரைத் தின்றிருக்கிறது. சதுர அடிக்கு ஐந்தாறு புழுவுக்கு மேல் இருந்தால்தான் மருந்து தேவை.

பூஞ்சையில் இரண்டைப் பிரித்தறியத் தெரிந்தால் போதும். ஐம்பது சென் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதான வைக்கோல் நிறப் புள்ளிகள் சிதறிக் கிடந்தால், அது பெரும்பாலும் பட்டினி கிடக்கும் புல்லில் வருவது. மேலே சொன்ன உரமே ஆற்றும். ஓரடி, இரண்டடி வட்டமாக விரிந்து, இலையை இழுத்தால் அடியில் அழுகி லேசாகக் கழன்று வந்தால் அது ரைசோக்டோனியா. இதற்கு நைட்ரஜன் போட்டால் நோய்க்குத் தீனி போட்டதாகும். உரத்தை நிறுத்துங்கள், மாலையில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள், வெட்டிய குப்பையை அள்ளி எறியுங்கள். அப்படியும் பரவினால் அசாக்ஸிஸ்ட்ரோபின் உள்ள மருந்தை லேபிளில் உள்ள அளவில் அடிக்கலாம்.

8. செத்த இடத்தை மாற்றுவது

தண்டைக் கீறிப் பார்த்தால் உள்ளே பச்சையே இல்லை என்றால் காத்திருந்து பயனில்லை. காரணத்தைச் சரிசெய்த பிறகு அந்த இடத்தைச் சதுரமாக 5 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி எடுங்கள். சுங்கை பூலோ நர்சரிகளில் புல் துண்டு வாங்கும்போது அடுக்கின் நடுவிலிருந்து ஒன்றை உருவிப் பாருங்கள். வெதுவெதுப்பாக, உள்ளே மஞ்சளாக இருந்தால் அடுக்கிவைத்து நாளாகிவிட்டது, வேண்டாம். வாங்கிய அன்றே பதிக்க வேண்டும்.

அடிமண்ணைக் கொத்தி நனைத்து, துண்டுகளை ஒன்றோடொன்று நெருக்கி வைத்து, மேலே பலகை போட்டு மிதியுங்கள். மழை இல்லாத நாட்களில் காலையில் தண்ணீர், இரண்டு வாரத்துக்கு. முதல் வாரம் புதுப்புல் கொஞ்சம் வெளுக்கும், அது சகஜம். ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். கிளம்ப மறுத்தால் வேர் பிடித்துவிட்டது. அதன்பிறகு 7 செ.மீ. வளர்ந்ததும் முதல் வெட்டு, நான்காம் வாரத்துக்குப் பின் முதல் உரம், அதுவும் பாதி அளவில்.